உள்ளேன் ஐயா

அதிகாரம், உடல், கண்காணிப்பு என்று பக்கம் பக்கமாக எழுதுகிற நாம், அவை மூன்றும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் இடத்தைக் கவனிப்பதில்லை. ஓய்வூதியம் வாங்குகிறவர் தான் இன்னும் சாகவில்லை என்பதை ஆண்டுக்கொருமுறை நிரூபித்தாக வேண்டும் என்ற விதியைச் சொல்கிறேன். குமாஸ்தா விவகாரம், கிழடுகளின் தொல்லை என்று ஒதுக்கிவிடுகிறோம். ஆனால் அரசு தன் குடிமக்களைப் பற்றி உள்ளூர என்ன நினைக்கிறது என்பதை இந்த ஒற்றைத் தாள் சொல்கிற அளவுக்கு அரசியல் சட்டத்தின் முகப்புரைகூடச் சொல்வதில்லை.

முதலில் சொல்லைப் பார்ப்போம். தமிழக அரசின் கருவூலங்களில் இதற்குப் பெயர் ‘நேர்காணல்’. சிறுபத்திரிகை வாசகருக்கு நேர்காணல் என்றால் வேறு: ஓர் எழுத்தாளர் பேசுவார், நாம் கேட்போம், பதிவு செய்வோம். கருவூலத்து நேர்காணலில் யாரும் பேச வேண்டியதில்லை. ஆள் நேரில் வர வேண்டும், அதிகாரி காண வேண்டும், அவ்வளவுதான். ஆங்கிலத்தில் ‘மஸ்டரிங்’ என்கிறார்கள். ராணுவத்தில் சிப்பாய்களை வரிசையில் நிறுத்தி எண்ணுவதற்கான சொல். சாலை வேலைக் கூலிகளின் பெயர் எழுதும் ‘மஸ்டர் ரோல்’ நம் ஊர்க்காரர்களுக்குப் பழக்கம்தான். சொல்லின் லத்தீன் வேர் ‘காட்டு’ என்ற பொருளுடையது. கோயிலுக்குப் போனால் நாம் சாமியைக் காண்கிறோம். இங்கே சாமி உட்கார்ந்த இடத்திலிருந்து நம்மைக் காண்கிறது. பள்ளிக்கூடத்தில் பெயர் படிக்கும்போது எழுந்து நின்று ‘உள்ளேன் ஐயா’ என்றோமே, அதை அறுபதுக்குப் பிறகு திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. தெருவில் போகிறவனை அரசு ‘ஏய்’ என்று விளிக்கிறது, திரும்பிப் பார்க்கிற கணத்தில் அவன் அதன் பிரஜையாகிவிடுகிறான் என்றார் அல்தூஸர். இங்கே விளி இன்னும் கூர்மையானது: ‘இருக்கிறாயா?’

தாம்பரத்தில் நவம்பர் மாதம் என்றால் மழை, முடிச்சூரில் தண்ணீர், பிறகு இது. மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர்தான் கெடு. எண்பது வயது தாண்டியவர்கள் மட்டும் அக்டோபர் 1 முதலே கொடுக்கலாம் என்று 2019இல் சலுகை வந்தது. ரயில்வே, விமானப்படை, தபால் தந்தி என்று இந்தப் பக்கத்து ஊர்களே ஓய்வூதியர்களால் கட்டப்பட்டவை. சேலையூர், சிட்லபாக்கம், பெருங்களத்தூர் என்று எந்தப் பக்கம் போனாலும் நாலு வீட்டுக்கு ஒரு வீடு, யாரோ ஒருவரின் கிராஜுவிட்டியில் எழும்பியதாக இருக்கும். மாநில அரசுக்காரர்களுக்கு முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை நேர்காணல் நடந்தது. இப்போது அவரவர் ஓய்வுபெற்ற மாதம். இவர்களுக்கெல்லாம் கீழே இன்னொரு வரிசை. குரோம் லெதர் கம்பெனியால் பெயர் பெற்ற குரோம்பேட்டையிலும் பல்லாவரத்திலும் தோல் பதனிட்டவர்கள், ஏற்றுமதி வளாகத்தில் தைத்தவர்கள், வருங்கால வைப்பு நிதிவழி ஓய்வூதியம் வாங்குபவர்கள். அந்தத் திட்டத்தில் குறைந்தபட்ச ஓய்வூதியம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014 செப்டம்பரில் நிர்ணயித்தார்கள். ஆயிரம் ரூபாய்க்கும் உயிர்வாழ் சான்று உண்டு.

கிழக்குத் தாம்பரத்தில் ஒரு வங்கிக் கிளையில் நான் கண்டது. பெயர் வேண்டாம், எல்லாக் கிளையும் ஒன்றுதான்.

“பெரியவரே, வெரல வைங்க.”

“வெச்சேன்ப்பா.”

“அழுத்தி வைங்க. இது எடுக்கல. அடுத்த வெரலு.”

பத்து விரலும் முடிந்தது. தோல் தொட்டியில் சுண்ணாம்போடு கழிந்த வேலை நாட்களில் ரேகை எப்போதோ கரைந்துவிட்டது. பையன் முகத்தைப் பார்க்கவில்லை, திரையைப் பார்த்துச் சொன்னான்: “இல்லன்னு வருது தாத்தா.” அவன்மேல் தவறில்லை. எதிரே ஓர் ஆள் மூச்சு விட்டுக்கொண்டு, வியர்த்துக்கொண்டு நிற்கிறார். அது சாட்சியம் அல்ல. கருவி படித்தால்தான் உயிர்.

இந்தக் கருவியின் வரலாறு பலரும் நினைப்பதுபோல் 2014 நவம்பர் 10இல், ‘ஜீவன் பிரமாண்’ என்ற பெயரில் பிரதமர் தொடங்கிவைத்ததோடு தொடங்கவில்லை. 1858இல் வங்காளத்தின் ஜங்கிபூரில், சாலைக்குச் சரளை தர ஒப்பந்தம் செய்துகொண்ட ராஜ்யதர் கொனாய் என்பவரின் உள்ளங்கையில் மை தடவி ஒப்பந்தத் தாளில் பதியவைத்தார் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி. கையெழுத்தை நாளைக்கு ‘என்னுடையதல்ல’ என்று மறுத்துவிடுவானோ என்ற பயம். பிறகு 1877இல், ஹூக்ளி மாவட்டத்தில் அதிகாரியாக இருந்தபோது, அதே மனிதர் விரல் ரேகையை மூன்று இடங்களில் நடைமுறைப்படுத்தினார்: பத்திரப் பதிவு, சிறை, ஓய்வூதியப் பட்டுவாடா. ஓய்வூதியர் செத்த பிறகு அவர் பெயரில் வேறொருவர் வந்து பணம் வாங்கிப்போகிறார் என்ற சந்தேகமே மூன்றாவதற்குக் காரணம். குற்றவாளியைப் பிடிக்கும் விஞ்ஞானம் என்று துப்பறியும் நாவல்கள் நமக்குக் கற்பித்த இந்த ரேகை, அரசு நிர்வாகத்துக்குள் நுழைந்த வாசல்களில் ஒன்று ஓய்வூதியம். கல்கத்தாவில் உலகின் முதல் விரல் ரேகை அலுவலகம் வந்தது 1897இல்தான். அதற்கு இருபது வருஷம் முன்பே கைதியும் ஓய்வூதியரும் ஒரே மைத்தட்டில் விரல் தோய்த்திருக்கிறார்கள்.

ஹெர்ஷலின் பிரச்சனை எளிமையானது. அவருக்குத் தன் எதிரே நிற்கும் வங்காளிகளைத் தெரியாது. மொழி அரைகுறை, முகங்கள் பழகாதவை, ஊரில் யார் செத்தார் யார் இருக்கிறார் என்று சொல்லும் ஆட்களை நம்ப முடியாது. ஒரு அந்நிய அரசுக்குத் தன் குடிகளிடம் உள்ள அறியாமையும் அவநம்பிக்கையும்தான் ரேகையாக உறைந்தன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொண்டு இன்னொரு பக்கம் போகலாம்.

எனக்குத் தெரிந்த ஓர் அம்மா சிட்லபாக்கத்தில் இருக்கிறார். பிரிட்டனில் பல வருஷம் நர்ஸாக இருந்து, ஓய்வுபெற்று 1990களில் ஊர் திரும்பியவர். அங்கிருந்து அவருக்கு அரசு ஓய்வூதியம் வருகிறது. கூடவே அவ்வப்போது ஒரு தபாலும் வரும்: நீங்கள் உயிரோடிருப்பதை இன்னின்ன தகுதியுள்ள ஒருவர் முன் கையெழுத்திட்டு, அவரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்கி அனுப்புங்கள், வராவிட்டால் பணம் நிற்கும். இதில் ஒரு வேடிக்கை, பிரிட்டன் அந்த அம்மாவின் ஓய்வூதியத்தை அவர் வெளியேறியபோதிருந்த தொகையிலேயே உறையவைத்துவிட்டது. இந்தியாவுடன் இது குறித்து ஒப்பந்தம் இல்லை என்பதால் இங்கே வசிப்பவர்களுக்கு ஆண்டு உயர்வு கிடையாது. அமெரிக்காவுக்குப் போய்க் குடியிருந்தால் உண்டு. தொகை உறைந்திருக்கிறது, ஆனால் உயிர் உறையவில்லை என்று மட்டும் தவறாமல் காட்ட வேண்டும்.

அந்த அம்மா சொன்ன ஒன்றுதான் இந்தக் கட்டுரைக்கே காரணம். “அங்கியே இருந்திருந்தா நான் உசுரோட இருக்கேன்னு யாருக்கும் எழுதிக் குடுக்க வேண்டியதே இல்லப்பா. செத்தா, அவங்களுக்கே தெரிஞ்சிடும்.”

உண்மை. பிரிட்டனுக்குள் வசிக்கும் ஓய்வூதியரிடம் இந்தச் சான்று கேட்கப்படுவதில்லை. சாவு பதிவாகிறது, பதிவாளர் வழியாகச் செய்தி ஓய்வூதியத் துறைக்குப் போகிறது, பணம் நிற்கிறது. சாவை அறிவது அரசின் வேலை. உயிரை அறிவிப்பது ஓய்வூதியரின் வேலை அல்ல. பிரான்ஸிலும் அப்படித்தான், வெளிநாட்டில் வசிப்பவர்களிடம்தான் கேட்கிறார்கள். நமக்குப் பக்கத்திலேயே இதற்கு நீண்ட மரபு உண்டு. பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து இந்தோசீனாவிலும் அல்ஜீரியாவிலும் பணியாற்றித் திரும்பிய புதுச்சேரி ‘சொல்தா’க்களும் அவர்களுடைய மனைவிமாரும், 1954இல் ஆட்சி கைமாறி, 1956இல் ஒப்பந்தமாகி, 1962இல் அது சட்டப்படி நிறைவேறிய பிறகும், கடல் கடந்த கஜானாவுக்கு ‘இருக்கிறோம்’ என்று எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். திசை மாறினாலும் விதி மாறாது. பெருங்களத்தூரில் வீட்டைப் பூட்டிவிட்டு நியூஜெர்சியில் பேரன் பார்த்துக்கொள்ளப் போன ரயில்வே ஓய்வூதியர், இந்தியத் தூதரக அதிகாரியிடமோ அங்குள்ள நோட்டரியிடமோ கையெழுத்து வாங்கி அனுப்புகிறார். நவம்பரில் இதற்கென முகாம் நடத்தும் தூதரகங்களும் உண்டு. அரசின் பார்வை எட்டாத தொலைவில் ஒருவர் வசித்தால், அவர் இருக்கிறாரா என்று கேட்பதில் ஒரு நியாயம் இருக்கத்தான் செய்கிறது. அங்கே செத்தால் இங்கே தெரியாது.

ஆனால் சேலையூரில் செத்தால்? மருத்துவர் எழுதிய தாள் இல்லாமல் எரிமேடையில் பிணத்தை வாங்க மாட்டார்கள். பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் வந்தது 1969இல். இருபத்தோரு நாளுக்குள் பதிய வேண்டும். 2023இல் அதைத் திருத்தி, அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் நாடு முழுமைக்குமான தரவுத் தொகுப்புக்கு வழி செய்தார்கள். மாநகராட்சி ஒரு கட்டடத்தில் சாவை எழுதுகிறது. வங்கி இன்னொரு கட்டடத்தில் உயிரைக் கேட்கிறது. இரண்டுக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையைக் கடக்க வேண்டியவர் எண்பது வயதுக்காரர்.

என் வாதம் இதுதான். உயிர்வாழ் சான்று என்பது அடிப்படையில் அந்நியரிடம் கேட்கப்படுவது. கடலுக்கு அப்பாலிருப்பவரிடம், அல்லது காலனிய அதிகாரி தனக்கு எதிரே நிற்கும் ‘நேட்டிவ்’விடம். சுதந்திர இந்தியா அதை உள்ளூர்க்காரர் எல்லோருக்கும் பொதுவாக்கியது. தாம்பரத்தில் பிறந்து தாம்பரத்திலேயே சாகப்போகிற ஒருவரை, தன் அலுவலகத்திலிருந்து ஒரு மைல் தொலைவில் இருப்பவரை, வெளிநாட்டில் வசிப்பவராகவே நடத்துகிறது.

மோசடி நடப்பதில்லையா என்று கேட்பார்கள். நடக்கிறது. அப்பா செத்தபிறகு ஏ.டி.எம். அட்டையை வைத்துக்கொண்டு மாதாமாதம் எடுத்துவந்த பிள்ளைகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதை நியாயப்படுத்த நான் வரவில்லை. கேள்வி, நிரூபிக்கும் சுமை யார் தலையில் என்பது. ஒருவர் குற்றம் செய்ததாக அரசு சொன்னால் அதை அரசே நிரூபிக்க வேண்டும் என்பது நீதியின் பால பாடம். ஒருவர் செத்துவிட்டார் என்று சொல்வதற்கு மட்டும் அந்தப் பாடம் செல்லாது. டிசம்பர் பிறந்தும் தாள் வராவிட்டால் அவர் செத்தவர் மாதிரி. பிறகு வந்து காட்டினால் நிலுவையோடு பணம் கிடைத்துவிடும் என்பது வாஸ்தவம், உயிர்த்தெழுதலுக்கு விதியில் இடம் உண்டு. ஆனால் நடுவில் நாலு மாதம் மருந்துக் கடைக்காரனுக்கு யார் பதில் சொல்வது?

பழைய மன்னனின் அதிகாரம் சாகடிப்பதில் இருந்தது, நவீன அதிகாரமோ வாழவைப்பதிலும், சாகட்டும் என்று விட்டுவிடுவதிலும் இருக்கிறது என்று 1976இல் ஃபூக்கோ விளக்கினார். நம் சூழலில் இதற்கு ஓர் ஒட்டுச்சொல் தேவைப்படுகிறது. இங்கே அதிகாரம் சாகடிப்பதுமில்லை, வாழவைக்கப் பெரிதாக மெனக்கெடுவதுமில்லை. வாழ்ந்துகொண்டிருப்பதைக் கணக்கில் காட்டு என்கிறது. உயிர் என்பது உடலில் இல்லை, பதிவேட்டில் இருக்கிறது.

இதன் உச்சம் லால் பிகாரி. உத்தரப்பிரதேசத்து ஆசம்கர் மாவட்டத்துக்காரர். 1970களின் நடுவில் கடன் வாங்கச் சான்றிதழ் கேட்டுப் போனபோது, வருவாய்த்துறைப் பதிவேட்டில் தான் செத்துவிட்டதையும், நிலம் உறவினர் பெயருக்கு மாறிவிட்டதையும் தெரிந்துகொண்டார். 1994 வரை அவர் பிணம்தான். பெயருக்குப் பின்னால் ‘மிருதக்’, அதாவது ‘இறந்தவர்’ என்று சேர்த்துக்கொண்டார். தன் மனைவிக்கு விதவை உதவித்தொகை கேட்டு மனுப் போட்டார். 1989இல் அமேதியில் ராஜீவ் காந்தியை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். தன்னைப் போன்ற பிணங்களைத் திரட்டி ‘மிருதக் சங்கம்’ என்று ஓர் அமைப்பே கண்டார். தாகூர் 1892இல் எழுதிய கதையில், எரிக்கக் கொண்டுபோன இடத்தில் விழித்தெழுந்து வரும் காதம்பினியைப் பேய் என்று உற்றார் நம்புகிறார்கள். அது நம்பிக்கை சார்ந்தது. லால் பிகாரியின் ஊரில் எல்லோருக்கும் அவர் உயிரோடிருப்பது தெரியும். தாளுக்கு மட்டும் தெரியாது. தமிழகத்தில் இப்படியொரு சங்கம் இல்லை என்று நாம் பெருமைப்பட்டுக்கொள்ளலாம், ஆனால் தர்க்கம் ஒன்றுதான்.

திரும்பவும் விரலுக்கு வருகிறேன். தமிழில் ‘கைநாட்டு’ என்பது வசை. ‘தற்குறி’ அதைவிட மோசமான வசை, இத்தனைக்கும் தன்னைக் குறிக்கும் அடையாளம் என்ற நிரபராதியான சொல்தான் அது. 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டைப் பக்கம் குவாரியில் கல்லுடைத்த பெண்கள் ராந்தல் வெளிச்சத்தில் தங்கள் பெயரை எழுதிப் பழகினார்கள். இதைப் படிப்பவர்களில் பலர் அந்த வகுப்புகளை நடத்தியவர்களாக இருப்பீர்கள். ரேஷன் கடையில், வங்கியில், கட்டைவிரலை நீட்டாமல் கையெழுத்துப் போட்ட அன்றைக்கு அவர்கள் அடைந்த நிமிர்வு சாதாரணமானதல்ல. முப்பது வருஷத்தில் சக்கரம் திரும்பி, கையெழுத்து செல்லாது, விரலை வை என்கிறது. தமிழாசிரியராக ஓய்வுபெற்றவரும் கைநாட்டு, தோல் தொழிலாளியும் கைநாட்டு. சமத்துவம் வந்துவிட்டது என்று சந்தோஷப்படுகிறவர்கள் படலாம்.

சட்டப்படி இது கட்டாயமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜீவன் பிரமாணுக்கு ஆதார் சரிபார்ப்பு விருப்பத்தின்பேரில்தான் என்று 2021 மார்ச்சில் மத்திய அரசே அறிவித்தது. தாள் படிவம் இன்றும் செல்லும். வங்கி அதிகாரியோ கெஜட்டட் அதிகாரியோ பச்சை மையில் கையெழுத்திட்டால் போதும். (ஒருவரின் உயிருக்கு இன்னொருவர் சாட்சி சொல்லும் தகுதி ஏன் பதவியோடு மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கிறது? தினம் பால் ஊற்றுகிறவர் சொன்னால் செல்லாதா?) ஆனால் ‘விருப்பம்’ என்ற சொல் அறிவிப்பில்தான் இருக்கிறது, கவுண்டரில் இல்லை. தபால்காரர் வீட்டுக்கே வந்து கருவியில் பதியும் சேவை 2020 நவம்பரில் தொடங்கியபோது கட்டணம் 70 ரூபாய். ஆயிரம் ரூபாய் ஓய்வூதியக்காரருக்கு அது என்ன என்று யோசிக்க ஐந்து வருஷமாயிற்று. வைப்பு நிதிக்காரர்களுக்கு அந்தச் செலவை நிறுவனமே ஏற்பதாக 2025 நவம்பரில்தான் ஒப்பந்தம் போட்டார்கள்.

பெண்களுக்கு உயிரோடிருப்பது மட்டும் போதாது. கணவர் செத்துக் குடும்ப ஓய்வூதியம் வாங்கும் பெண், தான் மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் உறுதிமொழி தர வேண்டும். எழுபத்தைந்து வயதுப் பாட்டியிடம் அந்தக் கட்டத்தைக் காட்டி, “மறுபடி கல்யாணம் பண்ணிக்கிட்டீங்களா?” என்று கணினிப் பையன் சிரிப்போடு கேட்கிறான். அவரும் சிரிக்கிறார், வேறென்ன செய்வார். தன் சொந்த ஓய்வூதியம் வாங்கும் ஆண் எத்தனை கல்யாணம் செய்துகொண்டாலும் அந்தக் காசுக்குச் சேதமில்லை. பெண்ணின் உயிர் இன்னும் செத்தவனின் கணக்கில்தான் வரவாகிறது. பெண்ணியம் பேசுகிறவர்கள் இந்தப் படிவத்தை ஒரு பிரதியாக எடுத்து வாசித்தால் நல்லது.

ஓய்வூதியம் கொடையல்ல, உரிமை என்று உச்சநீதிமன்றம் நகாரா வழக்கில் தீர்ப்பளித்தது 1982 டிசம்பர் 17இல். அந்த நாளை ஓய்வூதியர் நாளாகச் சங்கங்கள் கொண்டாடுகின்றன. மாலை, மேடை, பொன்னாடை எல்லாம் உண்டு. அகவிலைப்படி நிலுவை பற்றித் தீர்மானம் போடுவார்கள், போடத்தான் வேண்டும். ஆனால் இறப்புப் பதிவேட்டோடு ஓய்வூதியக் கணக்கை நீங்களே ஒப்பிட்டுக்கொள்ளுங்கள், எங்களைக் கேட்காதீர்கள், வெளிநாட்டில் இருப்பவர்களிடம் மட்டும் கேளுங்கள் என்று ஒரு தீர்மானம் நான் போன கூட்டங்களில் வரவில்லை. வருஷத்துக்கு ஒருமுறை போய்க் காட்டுவது இயல்பு என்று நாமே ஏற்றுக்கொண்டாகிவிட்டது.

2021 நவம்பரிலிருந்து முகத்தைக் காட்டும் முறையும் வந்திருக்கிறது. விரல் தேய்ந்தவர்களுக்கு இது விமோசனம் என்றார்கள். ஓரளவுக்கு உண்மைதான், முன்சொன்ன தோல் தொழிலாளிக்கு அப்படித்தான் முடிந்தது. கைபேசியை முகத்துக்கு நேரே பிடித்தால், கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. புகைப்படத்தைக் காட்டி ஏமாற்றாமலிருக்க ஏற்பாடு. தமிழ் படித்தவனுக்கு உடனே நளவெண்பா ஞாபகம் வரும். சுயம்வரத்தில் நளனைப் போலவே உருமாறி உட்கார்ந்திருந்த தேவர்களிடமிருந்து தமயந்தி மனிதனைப் பிரித்தறிய உதவிய அடையாளங்களில் ஒன்று இமைப்பு. தேவர்கள் இமைக்க மாட்டார்கள். இமைப்பது சாகப்போகிற உயிரின் குறி. புகழேந்திக்குத் தெரிந்தது மென்பொருள் எழுதியவனுக்கும் எப்படியோ தெரிந்திருக்கிறது.

எங்கள் தெருவில் தபால் துறையில் ஓய்வுபெற்ற ஒருவருக்குப் போன ஆடியில் பக்கவாதம் வந்தது. வலப்பக்கம் முழுக்கப் போய்விட்டது, அந்தப் பக்கத்து இமை மூடுவதில்லை. அவருடைய பேத்தி மூன்று நாளாகக் கைபேசியைப் பிடித்துக்கொண்டு, “தாத்தா, கண்ண மூடித் தொறங்க, இன்னொரு தடவ” என்று கெஞ்சிக்கொண்டிருந்தாள். ரேகையும் எடுக்கவில்லை. தாள் படிவம் கேட்டுக் கிளைக்குப் போனேன். “இப்பல்லாம் ஆன்லைன்தான் சார்” என்றார்கள். 2021 அறிவிப்பைச் சொன்னதும் உள்ளே போய்க் கேட்டு வந்து, செல்லும் என்று ஒப்புக்கொண்டார்கள். படிவம் கைவசம் இல்லையாம், வெளியே ஜெராக்ஸ் கடையில் இரண்டு ரூபாய்க்குக் கிடைத்தது. இரண்டாவது சந்தில் கால்நடை மருத்துவர் ஒருவர் குடியிருக்கிறார், கெஜட்டட் பதவி. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் இருப்பாராம்.